இருப்பும் பசியும்



சென்ற பௌர்ணமிக் கூட்டம் கலைந்த பின்னர், உபாசகி ஒருவர் எம்மிடம் வந்து ஓர் ஐயத்தைத் தெரிவித்தார். அன்று யாம் பிக்குகளின் ஒழுக்கத்தைக் குறித்துப் பேசியிருந்தோம். இன்று ஏற்ற உணவைப் பிக்கு நாளைக்கென வைத்துக்கொள்ளலாகாது என்னும் விதியை விளக்கியிருந்தோம். அவ்வம்மையார் கேட்டது இது: "ஐயா, சேர்த்து வைப்பது குற்றமென்றால் எங்கள் வீடு முழுவதும் குற்றந்தான். மூன்று மாதத்து அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது, சோப்பும் எண்ணெயும் இருக்கின்றன. எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டுமா?" பேச்சின் இடையே, அதே வாரத்தில் தமது கம்மலை அடகுக் கடையில் வைத்து மகனுடைய கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்தியதையும் கூறினார். இவ்விரண்டையும் அவர் தனித்தனிச் செய்திகளாகவே கூறினார். ஒன்றோடொன்று தொடர்புடையன என்று அவருக்குத் தோன்றவில்லை. எமக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஏனெனில், அறை நிறையப் பண்டத்தை வைத்துக்கொண்டு கடன்பட்ட வீடு எமது வீடும் ஆகும்.

முதலில் விதியைப் பார்ப்போம். அது பிறந்த வரலாறு விநய பிடகத்தில் உள்ளது. ஆனந்தருடைய உபாத்தியாயரான பேலட்டசீசர் என்னும் தேரர் கானகத்தில் தங்கியிருந்தார். பிச்சையில் கிடைத்த வெறுஞ்சோற்றை உலர்த்தி வைத்துக்கொள்வார். வேண்டும்போது நீரில் நனைத்து உண்பார். அதனால் பல நாட்கள் ஊருக்குள் வாராதிருப்பார். எஞ்சிய சோற்றைப் பிசைந்து வெயிலில் காயவைத்து வடகமாக்கிய தாயாரின் வயிற்றில் பிறந்தவராதலின், இவ்வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அத்தேரரிடம் எமக்கு ஒரு தனி அன்பு உண்டாகும். அவரைப் பேராசைக்காரர் என்று எவரும் கூறத் துணியார். ஆயினும் பகவான் அச்செயலை ஏற்கவில்லை. துறவியின் உணவு நாள்தோறும் ஊராரின் கையிலிருந்து வருவதாகும். பானையில் இருப்புள்ள துறவிக்கு ஊரார் வேண்டியதில்லை. ஊராருக்கும் அவர் வேண்டியதில்லை என்று ஆகிவிடும். இது எமது கருத்து. கற்றோர் வேறு காரணங்களும் கூறுவர்.

இல்லறத்தாருக்கு இவ்விதி இல்லை. சிகாலகன் என்னும் இளைஞனுக்கு உபதேசித்தபோது, வருவாயை நான்கு கூறாக்கி, ஒரு கூற்றைத் துய்க்கவும், இரு கூற்றைத் தொழிலில் இடவும், நான்காம் கூற்றை ஆபத்துக் காலத்திற்கென வைக்கவும் பகவான் கூறினார். ஆகவே, அவ்வம்மையாரின் கேள்விக்கு விடை எளிது. சேர்த்து வைத்தல் குற்றமன்று. அது இல்லறத்தாரின் கடமைகளுள் ஒன்று.

இவ்வளவில் உரையை முடித்துக்கொள்ளலாம். ஆனால் அவ்வுபதேசத்தில் ஒரு சொல்லை நாம் எல்லோரும் விரைந்து கடந்துவிடுகின்றோம். அது "ஆபத்துக் காலம்" என்னும் சொல். எக்காலம் அது? வந்ததை யார் அறிவிப்பார்? போனதை யார் அறிவிப்பார்?

இதற்கு விடை பிக்குகளின் வரலாற்றிலேயே கிடைக்கின்றது. இராசகிருகத்தில் ஒருமுறை பஞ்சம் உண்டாயிற்று. மக்கள் உப்பும் எண்ணெயும் அரிசியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றை வெளியில் வைத்தபோது பிராணிகள் தின்றன. திருடரும் எடுத்துச் சென்றனர். உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், உள்ளேயே சமைத்துக்கொள்ளுங்கள், நீங்களே சமைத்துக்கொள்ளுங்கள் என்று பகவான் அப்போது விதிகளைத் தளர்த்தி அனுமதி அளித்தார். பின்னர் வைசாலியில் தங்கியிருந்த காலத்தில், நாடு செழித்து உணவு எளிதாகக் கிடைத்தது. பகவான் ஆனந்தரை அழைத்து, பஞ்ச காலத்தில் அளித்த அனுமதிகளைப் பிக்குகள் இன்னும் கைக்கொண்டிருக்கின்றனரா என வினவினார். ஆம் என்று ஆனந்தர் கூறவே, அன்றே அவ்வனுமதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மகாவக்கத்தில் இவ்விரண்டு செய்திகளும் ஒரே பகுதியில் உள்ளன. படிப்போர் பலர் முதற்செய்தியில் பகவானின் கருணையைக் கண்டு மகிழ்ந்து, இரண்டாவதைக் கவனியாது செல்வர். யாமும் பல ஆண்டுகள் அவ்வாறே சென்றோம். பஞ்சம் தீர்ந்துவிட்டதா என்று ஒருவர் கேட்கவேண்டியிருந்தது. கேட்கும்வரை, பஞ்சம் தீர்ந்த பின்னும் பஞ்சத்தின் பழக்கம் மடத்தினுள் நடந்துகொண்டுதான் இருந்தது.

எமது வீட்டில் அவ்வாறு கேட்க எவரும் இல்லை.

1981 ஆம் ஆண்டில் எமக்குப் பதினொரு வயது. பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். தந்தையார் வேலைபார்த்த ஆலை கதவடைத்தது. ஏழு மாதம் திறக்கவில்லை. எம் தாயார் அதற்கு முன்னரே, நாள்தோறும் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்து ஒரு மண்பானையில் இட்டுவரும் வழக்கமுடையவர். பிடியரிசி எனும் இப்பழக்கம் நம் பெண்மக்களிடையே பரவலாக இருந்ததை மூத்தோர் அறிவர். அப்பானையே முதல் மாதம் எம்மைக் காத்தது. அது தீர்ந்த பின்னர் பட்ட துன்பத்தை இங்கு விரித்துரைக்க விரும்பவில்லை. எமது இளைய தங்கை அவ்வாண்டு இறந்தாள் என்று மட்டும் கூறுவோம்.

ஆலை திறந்தது. தாயாரின் மனத்தில் அது திறக்கவேயில்லை. பானை ஒன்று இரண்டாயிற்று. பானைகள் தகர டிரம்களாயின. பண்டிகைக்கு மலிவாக விற்கும் சோப்பு, எண்ணெய், தீப்பெட்டி என்று எதைக் கண்டாலும் இரண்டு பங்கு வாங்கி அறைக்குள் வைப்பார். யாமும் பதினேழாம் வயதில் பஞ்சாலையில் சேர்ந்து, பதினாறு ஆண்டு நூற்புப் பகுதியில் நின்று, 2003 ஆம் ஆண்டில் அவ்வாலையும் மூடப்பட்ட பிறகு, தாயாரின் பழக்கத்தைத் தெய்வவாக்காகவே கொண்டோம். எம் துணைவியார் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்கின்றார். அவருடைய ஊதியத்தில் மாதந்தோறும் ஒரு பகுதி அவ்வறைக்குள் சென்று படுத்துக்கொள்ளும். அதனைச் சிக்கனம் என்று எண்ணினோம். கூட்டங்களில் பெருமையாக எடுத்துக்காட்டவும் செய்தோம்.

2020 ஆம் ஆண்டு மார்ச்சு 24 ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு, நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாட்களுக்கு ஊரடங்கு என்று பிரதம அமைச்சர் அறிவித்தார். அந்நான்கு மணி நேரத்தில் கடைத்தெருவில் யாம் கண்டது அக்கஞ்ஞ சூத்திரத்தின் காட்சியாகும். ஆதியில் நெல் தானாகவே விளைந்து, மாலையில் கொய்தால் காலையில் மீண்டும் முற்றி நின்ற காலத்தில், ஒருவன் சோம்பலால் இருவேளைக்கும் சேர்த்து ஒரே முறையில் கொய்துவந்தான். அவனைக் கண்டு மற்றொருவன் இரண்டு நாளைக்குக் கொய்தான். அவனைக் கண்டு மற்றொருவன் நான்கு நாளைக்கு. பின்னும் ஒருவன் எட்டு நாளைக்கு. அப்போதுதான் அரிசியை உமி மூடியது. கொய்த இடம் வெறுமையாயிற்று. வயல்களுக்கு வரப்பும் வந்தது. அன்றிரவு எம் தெருக் கடையில் ஒருவர் ஒரு மூட்டை எடுத்ததைக் கண்டு அடுத்தவர் இரண்டு எடுத்தார். வீட்டில் நிறைந்த டிரம்களை வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற யாமும் ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றினோம். ஏன் ஏற்றினோம் என்று இன்று கேட்டால் எம்மிடம் விடை இல்லை.

ஏப்ரல் முதல் நியாயவிலைக் கடையில் வழக்கமான பங்குடன், தலைக்கு 5 கிலோ தானியம் விலையின்றி மத்திய அரசாங்கத்தால் கூடுதலாக அளிக்கப்பட்டது. ஐந்து பேர் உள்ள எமது குடும்பத்திற்கு மாதம் 25 கிலோ கூடுதல் அரிசி. அதுவும் அறைக்குள் சென்றது.

எமது வரிசையின் கடைசி அறையில் ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒரு குடும்பம் இருந்தது. கணவன், மனைவி, ஒரு சிறு பெண். அவர்களிடம் இவ்வூர்க் குடும்ப அட்டை இல்லை. வேலை நின்றுவிட்டது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அவ்வம்மாள் ஓர் அலுமினியப் பாத்திரத்துடன் எமது வாசலில் நின்றாள். மொழி தெரியாது; பாத்திரத்தைக் காட்டினாள். ஒரு படி அரிசி அளந்து கொடுத்தோம். நான்கு நாள் கழித்து மீண்டும் வந்தாள், அரைப்படி கொடுத்தோம். மூன்றாம் முறை வந்தபோது, இல்லை என்று கையை அசைத்தோம். அசைத்த கை எம்முடையது. தாயாருடையதோ துணைவியாருடையதோ அன்று. அவ்வேளையில் எமக்குப் பின்னால் இருந்த அறையில் நூறு கிலோவுக்குக் குறையாத அரிசி இருந்தது. மே மாதம் தொழிலாளருக்கான சிறப்பு இரயில்கள் விடப்பட்டபோது அவர்கள் அறையைக் காலி செய்துகொண்டு சென்றனர். ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்பதை யாம் அறியோம்.

மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் மணிபல்லவத் தீவில் தனியே விடப்படுகின்றான். கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி இருக்கின்றது. ஏற்போர் ஒருவரும் இல்லை. அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுத் தானும் உண்ணாது உயிர் விடுகின்றான். பிறர் உண்ணாத உணவை உண்பதற்கு அவனுக்கு மனம் வரவில்லை. எமக்கு வந்தது.

அச்சமயத்தில் துணைவியாரின் தொழிற்சாலை மூடிக்கிடந்தது. வாடகை நின்றுவிட்டது. மகனுக்குக் கைப்பேசி வழியே பாடம் என்றார்கள்; கைப்பேசி வேண்டும். சூன் மாதத்தில் 15,000 ரூபாய் கடன் வாங்கினோம். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி; ஆக, மாதம் 450 ரூபாய். வாங்கிய பணத்தில் வாடகையும் கைப்பேசியும் போக எஞ்சியதைக் கொண்டு, வழக்கம்போல் மாதச் சாமான்களையும் வாங்கினோம். அறையில் இருப்பதைத் தொடவில்லை. அது ஆபத்துக் காலத்திற்கு உரியதன்றோ!

ஆகஸ்டு மாதத்தில் ஒரு டிரம்மின் மேல் வண்டு ஊர்வதைக் கண்டு மூடியைத் திறந்தோம். அரிசியின் மேற்பரப்பு நன்றாகவே தோன்றியது. கையை உள்ளே விட்டபோது சூடாக இருந்தது. அள்ளிய கையில் மாவும் ஓட்டையான மணிகளுமே வந்தன. அரிசி வண்டின் பெண், மணியில் துளையிட்டு அதனுள் முட்டை வைத்து, வாயைப் பசைபோன்ற ஒன்றால் அடைத்துவிடுகின்றது. புழு மணிக்குள்ளேயே இருந்து தின்று, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளிவருகின்றது. ஆதலால் வண்டு கண்ணுக்குத் தெரியும்போது கேடு நிகழ்ந்து பல வாரங்கள் ஆகியிருக்கும். ஏறத்தாழ 40 கிலோ அரிசியைக் கோழி வளர்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் அதற்கு விலை கொடுக்க முன்வந்தார். யாம் வாங்கவில்லை. அன்று அப்பணத்தைத் தொட எமக்குக் கூசியது.

அதன் பின்னரும் எமக்கு அறிவு வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். டிரம்மைக் கழுவிக் காயவைத்தோமேயன்றி, பழக்கத்தை மாற்றவில்லை. 2021 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், ஏழாம் முறையாக வட்டிப் பணத்தை எடுத்து வைத்துவிட்டு, மாதச் சாமான் பட்டியலை எழுத உட்கார்ந்தோம். துணைவியார் எம் கையிலிருந்த பேனாவைப் பிடித்து நிறுத்தினார். "வட்டிக்கு வாங்கி, அந்தப் பணத்தில் சோப்பு வாங்கி, அந்தச் சோப்பைப் பெட்டிக்குள் பூட்டுகின்றோம். சோப்புக்கு வட்டி கட்டும் குடும்பம் இவ்வூரில் நம்முடையது ஒன்றுதான்" என்றார். ஏழு மாத வட்டி 3,150 ரூபாய். அறையில் உள்ளதை அன்றைய விலைக்கு மதிப்பிட்டுப் பார்த்தோம். 9,000 ரூபாயைத் தாண்டியது.

பஞ்சாலையில் பதினாறு ஆண்டு இருந்தவனுக்கு இது தெரியாமற் போனதுதான் வெட்கம். ஆலைக் கிடங்கில் பஞ்சுப் பொதிகள் அடுக்கியிருக்கும். ஒரு பொதி 170 கிலோ. ஒவ்வொன்றுக்கும் எண்ணும் தேதியும் உண்டு. முன்னே வந்த பொதி முன்னே வெளியேறவேண்டும். புதிய பொதியை முன்னால் போட்டுப் பழையதை மூலையில் விடுகின்ற கூலியாளை மேஸ்திரி விடமாட்டார். நெடுநாள் கிடந்த பஞ்சு பழுப்பேறும். ஈரம் ஏறினால் கெடும். அவை கெடாமலிருந்தாலும், பொதி வாங்கிய பணத்திற்கு வங்கியில் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கிடங்குக் கணக்கர், தூங்குகின்ற பொதி நம்மைவிட அதிகமாகச் சாப்பிடும் என்று எமக்குச் சொல்லியதுண்டு. ஆலை வாசலில் கற்ற பாடத்தை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைத்திருந்தோம்.

அன்றே ஒரு முடிவு செய்தோம். பால், காய்கறி, எரிவாயு, மருந்து ஆகியவை தவிர வேறொன்றும் அறை காலியாகும்வரை வாங்குவதில்லை. வாங்காமல் மிஞ்சுகின்ற பணம் அவ்வளவும் கடனின் முதலுக்குச் செல்லவேண்டும்.

இனி வந்தது கடினமான பகுதி. சாவி தாயாரிடம் இருந்தது. எண்பதை நெருங்கிய வயது. அறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "தொடாதே. மறுபடியும் கதவடைத்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டார். விநயத்தையும் சூத்திரத்தையும் நூறு கூட்டங்களில் விளக்கிய எமக்கு, அக்கேள்விக்கு விடை தெரியாமல் நின்றோம். பேத்திதான் பாட்டியின் அருகில் உட்கார்ந்து, "கதவை அடைத்து ஒரு வருஷம் ஆகப் போகிறதே பாட்டி, அம்மா வேலைக்குப் போகாமல் இருந்தாளே, அதுதானே அது?" என்றாள். தாயார் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் நாற்பது ஆண்டுகளாகக் காத்திருந்த நாள் வந்து, அவர் கண்முன்னே பத்து மாதம் நடமாடிக்கொண்டிருந்தது. அவரும் அதனை அறியவில்லை, யாமும் அறியவில்லை. இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பேத்தியின் கையில் கொடுத்தார். எம் கையில் கொடுக்கவில்லை.

அறையிலிருந்து வெளிவந்தவற்றைக் கூடத்தில் பரப்பினோம். துவரையும் கடலையுமாகப் பருப்பு 9 கிலோ, சர்க்கரை 6 கிலோ, குளிக்கும் சோப்பும் துவைக்கும் சோப்புமாக 31, தீப்பெட்டி நான்கு டசன், சேமியா, இரவை, புளி, எண்ணெய்ப் பைகள், கல்லாய் இறுகிய சலவைத்தூள், அரிசி ஒன்றரை டிரம், கேழ்வரகு ஒரு டிரம். இவற்றுள் கேழ்வரகைத் தாயாரின் வெற்றி என்றே சொல்லவேண்டும். எத்தனை ஆண்டு கிடந்ததென்று தெரியாத அத்தானியத்தில் ஒரு பூச்சி இல்லை. மைசூர்ச் சீமையில் கேழ்வரகை மண்ணுக்கடியில் குழிகளில் இட்டுப் பல ஆண்டு காத்ததைப் பழையோர் அறிவர். சேமிக்கவேண்டியது எது என்று தாயாருக்குத் தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் கேழ்வரகைப் போலவே எண்ணியதுதான் பிழை.

அரிசியைச் சலித்துப் புடைத்து நிழலில் உலர்த்தினோம். கடும் வெயிலில் உலர்த்தினால் மணி வெடித்துச் சோறு குழையும். பழைய துவரை எவ்வளவு கொதித்தாலும் வேகவில்லை. நெடுநாள் கிடந்த பருப்புக்கு அது இயல்பு. துணைவியார் அதனை இரவெல்லாம் ஊறவைத்து, அரிசியோடு அரைத்து அடையாக வார்த்தார். ஒரு பங்கை வறுத்துப் பொடியாக்கினார். சோப்பைப் பற்றிக் கவலையில்லை. காய்ந்து இறுகிய சோப்பு மெல்லக் கரைந்து கூடுதல் நாள் வந்தது. இறுகிய சலவைத்தூளை வாளி நீரில் ஊறவிட்டுக் கரைசலாகவே பயன்படுத்தினோம். வாரத்தில் மூன்று நாள் களி. பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். மகன் கடைசிவரை சுளித்துக்கொண்டேதான் உண்டான்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். வீணாக்கக்கூடாது என்னும் பிடிவாதத்தால் கெட்டதை உண்பவர் உண்டு. இரவையில் புழு நூல் கட்டியிருந்தது, எறிந்தோம். எண்ணெயில் சிக்கு நாற்றம் அடித்த இரண்டு பைகளை விளக்குக்கு ஒதுக்கினோம். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையைக் கழுவி வறுத்துவிடலாம் என்றார் தாயார். அதனை மட்டும் யாம் உறுதியாக மறுத்தோம். 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்தில் 1 இலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது, அவற்றுக்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சு இருந்ததைக் கண்டார்கள். அஃப்ளடாக்சின் என்று அதற்குப் பெயர். கல்லீரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முற்றும் நீங்காதது. காலம் கடந்த மருந்துகளும் அவ்வாறே. ஐந்து ரூபாயை மீட்க ஐயாயிரம் ரூபாய் நோயை வாங்குவது சிக்கனத்தில் சேராது.

பெட்டியின் அடியில் ஒரு துணி இருந்தது. ஆலையில் தொழிலாளருக்குக் குறைந்த விலையில் கொடுத்த வெண்துணி, பன்னிரண்டு மீட்டர். மகளின் திருமணத்திற்கென்று, அவள் பிறப்பதற்கு முன்னரே வைத்தது! எடுத்து விரித்தோம். மடித்த கோடெங்கும் பழுப்பேறி, இழுத்த இடத்தில் கிழிந்தது. நூற்ற கைகளுக்கு அதைக் காண்பது எவ்வளவு வேதனை என்பதை ஆலைத் தொழிலாளர் அறிவர்.

அப்போது ஆனந்தரின் வரலாறு நினைவுக்கு வந்தது. கௌசாம்பியில் அரசியர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளை அளித்தார்கள். தமிழ் நூல்களில் உதயணன் என வழங்கும் உதேன மன்னன் அதைக் கேட்டு, இத்தேரர் துணிக்கடை வைக்கப் போகின்றாரோ என்று சினந்து, அவரிடமே சென்று கேட்டான். ஆடை நைந்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் ஆனந்தர். அவர்களுடைய பழைய ஆடைகளை என் செய்வீர் என்றான். படுக்கைமேல் விரிப்பாக்குவோம். பழைய விரிப்புகளை? மெத்தை உறையாக்குவோம். பழைய உறைகளை? தரைவிரிப்பாக்குவோம். பழைய தரைவிரிப்புகளை? கால் துடைக்கக் கொள்வோம். அவை நைந்தால்? தூசு துடைப்போம். அவையும் நைந்தால்? நறுக்கி மண்ணோடு பிசைந்து தரையை மெழுகுவோம். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகளை அளித்தான் என்று சுள்ளவக்கம் கூறுகின்றது.

ஆலையில் யாம் கண்டதும் இதுவேயாதலின் இவ்வரலாறு எமக்கு உயிர். சீப்பு எந்திரத்தில் உதிரும் குறும்பஞ்சை எறிவதில்லை. மருந்துப் பஞ்சுக்கும் தடித்த நூலுக்கும் செல்லும். நம் கையில் புழங்கும் ரூபாய்த்தாளின் காகிதமும் பருத்தியே. தரையில் பெருக்கிய தூசுப் பஞ்சுக்கும் வாங்குவோர் உண்டு. ஆனந்தரின் விடையில் ஒரு துணியும் பெட்டிக்குள் மடித்து வைக்கப்படவில்லை என்பதை அன்றுதான் கவனித்தோம். ஐந்நூறும் அன்றே உடம்புகளுக்குச் சென்றன. தேய்ந்ததுதான் அடுத்த பயனுக்குச் சென்றது; தேயாமல் கிழிந்த எமது வெண்துணிக்கு அவ்வரிசையில் இடமில்லை. கோடு விழாத பகுதிகளை வெட்டித் தலையணை உறை தைத்தார் துணைவியார். மற்றது கைப்பிடித் துணியாயிற்று.

நான்கு மாதங்களில் கடனின் முதலில் 9,000 ரூபாய் அடைந்தது. மீதி 6,000 ரூபாயைத் துணைவியாரின் ஊதியத்திலிருந்து அவ்வாண்டு ஆடி மாதத்திற்குள் தீர்த்தோம். வட்டியாகக் கொடுத்தது திரும்பி வரவில்லை. அலுமினியப் பாத்திரத்துடன் வந்தவளும் திரும்பி வரவில்லை.

இப்போது எமது அறையில் ஆறு வாரத்திற்கு வேண்டியது இருக்கின்றது. ஒவ்வொன்றின் மேலும் வாங்கிய மாதத்தைக் கரியால் எழுதுகின்றோம். புதியது பின்னே, பழையது முன்னே. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று கடைக்காரர் அழைத்தால், அந்த ஒன்று எம் வீட்டில் எத்தனை மாதம் தூங்கும் என்று கணக்கிட்டுவிட்டே பதில் சொல்கின்றோம். ஒரு டிரம் கேழ்வரகு எப்போதும் உண்டு. அது ஆபத்துக்கு உரியது, ஆண்டுக்கு ஒருமுறை உண்டு தீர்த்து மாற்றப்படுவது.

தாயாரின் மண்பானையை மட்டும் யாம் தொடவில்லை. இன்றும் காலையில் துணைவியார் உலைக்கு அரிசி அளக்கும்போது, கை நடுங்க எழுந்து வந்து ஒரு பிடியை எடுத்து அதில் இடுகின்றார். பௌர்ணமிக்கு முதல் நாள் அப்பானை சங்கத்தின் கூட்டுச் சமையலுக்கு வந்துவிடுகின்றது. வெறும் பானை வீடு திரும்பும்போது அவர் முகம் சற்று வாடும். மறுநாள் காலையில் மீண்டும் ஒரு பிடி.

கேள்வி கேட்ட உபாசகிக்கு இனிச் சொல்லவேண்டியது சிறிதே. வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எம் துணைவியார் சல்லடையும் முறமும் எடுத்துக்கொண்டு தங்கள் வீட்டிற்கு வருவார். அதற்குள் உள்ளதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். கம்மலுக்கு மாதம் எவ்வளவு வட்டி என்பதையும் அத்தாளின் அடியிலேயே எழுதிவையுங்கள்.